பீரோவில் பூட்டி வைத்த வாய்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், இந்த மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

போன கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகனின் வலது மணிக்கட்டில் பல் தடம் இருந்தது. அவனுடைய பல்தான். தாங்க முடியாத எது வந்தாலும் தன் கையைத்தான் கடித்துக்கொள்வான். வாசல்படியில் நின்றபடியே பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தான். வாயால் பேச வராத அவன் படத்தைத் தொட்டுப் பேசும் டேப்லெட்டை எடுத்தான். உடம்புப் படங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனான். ‘காது’, ‘வலி’. ‘காது’, ‘வலி’. நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்த பிறகும் விரல் நிற்கவில்லை. மறுநாள் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கோத்திருக்கிறது, ரெண்டு நாளாகவே வலித்திருக்கும் என்றார்.

அன்று காலை பத்தரை மணியிலிருந்தே வகுப்பில் அழுதிருக்கிறான். டீச்சர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார், பிஸ்கட் கொடுத்திருக்கிறார், முகம் கழுவி விட்டிருக்கிறார். எதற்கு அழுகிறான் என்று மட்டும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அது தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள், சத்துணவுக் கணக்கு நோட்டுகளுக்குப் பக்கத்தில், பூட்டி இருந்தது. ‘பிள்ளைகள் செல்போன், டேப்லெட் எதுவும் கொண்டுவரக் கூடாதும்மா, நாலு மணிக்குப் பத்திரமாகக் கொடுத்துவிடுகிறோமே’ என்றார்கள். உண்மைதான். ஒரு கீறல் விழாமல் திரும்பி வரும்.

பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த டீச்சர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை மேய்க்கிறவர் அவர். தலைமையாசிரியரும் தன்னிடம் இருக்கிற விதிப்படிதான் நடந்தார். அதனால்தான் அவரிடம் சண்டை போடாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பேச முடியாத பிள்ளை பேசுவதற்காகக் கொண்டுவரும் கருவி செல்போன் தடைக்குள் வராது. வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் சத்துணவு வரிசையிலும் அது அந்தப் பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். இப்படி ஒரு சுற்றறிக்கை உங்கள் கையெழுத்தோடு எல்லாப் பள்ளிகளுக்கும் போக வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். மீதிக் கடிதம் ஏன் கேட்கிறேன் என்பதற்கு.

என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று மூன்றாவது வயதில் சொன்னார்கள். வாயால் வரும் சொற்கள் நாலைந்து. அதில் இரண்டு எங்கள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் புரியும். டேப்லெட் என்றால் புதிதாகக் கடையில் வாங்கியது இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு ரிப்பேர் கடையில் பழசு ஒன்று ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. அவன் அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்த மாதங்களில் வெட்டு கிடையாது, ஆகவே அந்த ஏழாயிரம் எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. அதில் யூடியூப் கிடையாது, விளையாட்டு கிடையாது. வேறு எதற்குள்ளும் போக முடியாதபடி திரையைப் பூட்டி, ஒரே ஒரு செயலி. கட்டம் கட்டமாகப் படங்கள், தொட்டால் சொல் ஒலிக்கும். ரெண்டு மூன்று கட்டத்தை வரிசையாகத் தொட்டால் அது வாக்கியம்.

‘இந்த எழவு செல்போனால்தான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு, அதையே திரும்பக் கொடுக்கிறாளே’ என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். படித்தவர்களும் சொன்னார்கள், அங்கன்வாடியில் சொன்னார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர்கூடச் சொன்னார். லியோ கன்னர் என்ற மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்துக் கட்டுரை எழுதியது 1943-ல். அப்போது ஊருக்கு ஒரு ரேடியோ இருந்தாலே பெரிய விஷயம். சின்னப் பிள்ளையைத் திரை முன்னால் போட்டு வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். என் மகன் டேப்லெட்டைத் தொட்டால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான், பதில் வேண்டுமே. ரெண்டும் கண்ணாடிப் பலகைதான், வேலை வேறு.

அடுத்த பயம், இதைப் பழக்கிவிட்டால் வாயால் பேசவே மாட்டான் என்பது. எனக்கும் இருந்தது, ராத்திரி தூங்காமல் யோசித்திருக்கிறேன். நாகர்கோவிலில் நாங்கள் போகும் பேச்சுப் பயிற்சியாளர்தான் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். மில்லர், லைட், ஷ்லாசர் என்ற மூவர் 2006-ல் வெளியிட்டது. அதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்தெடுத்து, நம்பத்தக்க முறையில் நடந்தவற்றில் இருந்த 27 பேரின் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். படமோ கருவியோ சைகையோ பழகியதால் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருக்கிறது. கூடியது பெரும்பாலும் சிறிய அளவுதான், அதையும் அவர் மறைக்காமல் சொன்னார். எனக்கு அந்தக் ‘கொஞ்சம்’ போதும். அவன் வாயால் சொல்லும் நாலைந்தில் ‘தா’ என்பது டேப்லெட் வந்த பிறகு வந்ததுதான்.

டேப்லெட்டைக் கையில் கொடுத்ததும் பிள்ளை பேச ஆரம்பித்துவிடும் என்று நினைத்துக்கொண்டு யாரும் வாங்க வேண்டாம். முதல் நாலு மாதம் அவன் தட்டியது ‘பலூன்’. காலையில் பலூன், சாப்பிடும்போது பலூன், பத்து நிமிடத்தில் நாற்பது பலூன். வீட்டில் பலூனே கிடையாது. ரெண்டு தடவை டேப்லெட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தான். பயிற்சியாளர் கேட்டது ஒரே கேள்வி: ‘நீங்க அதுல அவன்கிட்ட பேசுறீங்களா?’ நான் பேசவே இல்லை. ‘இதைத் தொடு, அதைத் தொடு’ என்று பரீட்சைதான் வைத்துக்கொண்டிருந்தேன்.

கேரள எல்லையில் களியக்காவிளைச் சந்தைப் பக்கம் வளரும் பிள்ளைக்கு யாரும் உட்கார வைத்து மலையாளம் சொல்லிக்கொடுப்பதில்லை. காதில் விழுந்து விழுந்து ஒரு நாள் தானாக நாக்கில் வந்துவிடும். படத்தைத் தொட்டுப் பேசுவதும் அப்படி ஒரு பாஷை. அந்தப் பாஷையில் யாரும் பேசிக் கேட்காத பிள்ளை அதை எங்கிருந்து பேசும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். சோறு போடும்போது வாயால் ‘இன்னும் வேணுமா’ என்று கேட்டுக்கொண்டே ‘இன்னும்’ படத்தை நான் தொடுவேன். செருப்புப் போடும்போது ‘போவோம்’. மின்விசிறி நின்றால் ‘நின்னுபோச்சு’. அவன் தொட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நான் தொட்டால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பாருங்கள், நாள் முழுக்க ரெண்டு வாயால் பேசுவது போல இருக்கும்.

அப்புறம் ஒரு நாள் காலை. என் மாமியார் அவனுக்குப் புட்டும் பயறும் ஊட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக வயிறு நிறைந்தால் தட்டை ஒரே அடி. புட்டு தரையெல்லாம் சிதறும். அன்றைக்குக் கை தட்டுக்கு வரவில்லை, பக்கத்தில் கிடந்த டேப்லெட்டுக்குப் போனது. ‘போதும்’. மாமியாரின் கை பாதி வழியில் நின்றது. ‘மோளே, இஞ்ச வா, பய போதும்னு சொல்லுகான்’ என்று கத்தினார். நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்து, ‘அப்படின்னா நிறுத்துங்க’ என்றேன். கையில் பிசைந்து வைத்த உருண்டையைத் தட்டிலேயே போட்டுவிட்டார். அவன் ஒரு நொடி அவர் கையையே பார்த்தான். தான் சொன்னது நடந்துவிட்டதா என்று சரிபார்ப்பது போல. அடுத்த வாய் வரவில்லை என்று தெரிந்ததும் எழுந்து போய்விட்டான். மாதக்கணக்கில் ‘ஆப்பிள் எங்கே, பந்து எங்கே’ என்று நான் கேட்ட பரீட்சையெல்லாம் அந்த உருண்டைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

அதிலிருந்து அவனுக்குப் பிடித்த சொல்லே ‘போதும்’ ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியபோது, சத்தத்தைக் குறைக்க மறந்திருந்த டேப்லெட்டில், ‘போதும், போதும்’ என்று தட்டிவிட்டான். ரெண்டு பெஞ்சு சிரித்தது. போதகரும் சிரித்துவிட்டு ஜெபத்துக்குப் போனார். அதன்பிறகு எத்தனை பேர் என்னிடம் வந்து, அடுத்த வாரமும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள் தெரியுமா!

ஆசிரியர்கள் சத்தத்தைப் பற்றிச் சொல்வது பொய்யில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டினால் மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல்தான். வாயாடுகிற பிள்ளையை என்ன செய்கிறீர்களோ அதையே இவனிடமும் செய்யுங்கள். ‘மெதுவா’ என்று சொல்லுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், பேசும் நேரம் எது கேட்கும் நேரம் எது என்று பழக்குங்கள். வாயாடுகிற பிள்ளையின் நாக்கை வாங்கி யாரும் பீரோவில் வைப்பதில்லை.

சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை சிறப்புப் பயிற்றுநர்கள் கவனித்தால் நல்லது. செயலியோடு வந்த குரல் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று ஆகாசவாணி செய்தி வாசிப்பது போலச் சொன்னது. எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் கேட்பதில்லை. ‘வெள்ளம்’ என்றுதான் கேட்போம். மாமியார் ‘வெள்ளம் வேணுமா’ என்று கேட்கும்போது அவன் தேடும் கட்டத்தில் ‘தண்ணீர்’ ஒலித்தால், ரெண்டும் ஒன்று என்று அவனுக்கு யார் சொல்வது? டீ கிடையாது, சாயா. மரவள்ளி கிடையாது, மரச்சீனி. வாழைப்பழம் என்று ஒரே படம். ஏத்தம்பழத்துக்கும் மட்டிப்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை குமரியில் உண்டா? என் மகன் மட்டியைத் தொடமாட்டான், ஏத்தனை வேகவைத்தால் நாலு தின்பான்.

நல்ல வேளையாக அந்தச் செயலியில் நாமே படம் எடுத்துப் போடலாம், நாமே பேசிப் பதியலாம். எங்கள் வீட்டுச் செம்பைப் படம் எடுத்தேன். குரலுக்கு அவன் பெரியப்பா மகனைப் பிடித்தேன், பத்து வயது. ஒரு சனிக்கிழமை முழுக்க மாங்காய்க்கு உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுகொண்டே நூற்றிருபது சொற்கள் பேசிக் கொடுத்தான். அதுவரை ஒரு பெரிய பெண்ணின் குரலில் பேசிக்கொண்டிருந்த என் மகன் அன்றைக்கு ஒரு பையனின் குரலில், திருவட்டார்ப் பக்கத்துத் தமிழில் பேசினான். தெருவில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்தியது அதற்கப்புறம்தான். ‘வா, ஓடு, என்னைப் பிடி’ என்ற மூன்றும் இப்போது அவர்களோடு விளையாடவே இருக்கின்றன.

ஒரு தடவை வைத்த படத்தை இடம் மாற்றக் கூடாது என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. அடுக்களையில் கரண்ட் போனால்கூட உப்புப் பரணி எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். அதுபோல அவன் விரலுக்கு ‘போதும்’ தெரியும். ஒரு நாள் அழகாக அடுக்குகிறேன் என்று கட்டங்களை மாற்றினேன். அன்று முழுக்க அவன் அழுததற்கு நான்தான் காரணம்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அது பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. தகவல் தொடர்பு என்றால் என்ன என்று விளக்கும் அதன் 2-ஆம் பிரிவிலேயே, பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் வழிமுறைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 17-ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. பேச்சிலோ மொழியிலோ சிரமம் உள்ளவர்களின் அன்றாடத் தேவைக்காக இத்தகைய வழிமுறைகளை ஊக்குவிப்பது அரசின், உள்ளாட்சியின் கடமை. அடுத்த உட்பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உரிய உதவிக் கருவிகளை இலவசமாகவே கொடுக்கச் சொல்கிறது. நான் இலவசமாகக் கேட்கவில்லை. இருப்பதை அவனிடம் விட்டு வையுங்கள் என்கிறேன்.

ஆனால் ஏழாயிரம் ரூபாய் புரட்ட முடியாத வீடுகளும் இருக்கின்றன, கடற்கரை ஊர்களிலும் பேச்சிப்பாறைக்கு மேலே மலைப்பக்கத்திலும். அவர்களுக்காகவும் கேட்கிறேன். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கையடக்கக் கணினி கொடுத்திருக்கிறது. அதில் இந்தச் செயலிகளில் ஒன்றை ஏற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘அவாஸ்’ தமிழ் பேசும். அதற்குக் காசு உண்டு. ஐஐடி பம்பாயில் உருவான ‘ஜெல்லோ’ இலவசம். ஸ்பெயினில் அரகான் என்ற மாகாண அரசு ‘அராசாக்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படங்களை, வணிகத்துக்கு அல்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டிருக்கிறது. எதை எடுத்தாலும் நெட் இல்லாமல் வேலை செய்கிறதா என்று பார்த்து எடுங்கள். கோதையாறு மலையில் சிக்னலுக்காகக் கையைத் தூக்கி நிற்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கலாம்.

அதோடு ஒரு அட்டை. நம் மாவட்டத்தில் கல்வித் துறையின் ஒன்பது வட்டார வள மையங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் சேர்ந்து உட்கார்ந்தால், நம் ஊர்ச் சொற்களோடு ஒரு பக்கப் படப்பலகை ஒன்றைத் தயார் செய்துவிடலாம். வண்ணத்தில் அச்சடித்து லேமினேட் செய்தால் ஆயிற்று. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். டேப்லெட் சார்ஜ் இறங்கினால் என் மகன் ஊமை. அதனால் அவன் கழுத்தில் எப்போதும் ஒரு அட்டை தொங்கும். சில பிள்ளைகளுக்கு டேப்லெட்டைவிட அட்டையே ஒத்துவரும், சிலருக்குச் சைகை. எது என்று பார்த்துச் சொல்லத்தான் பயிற்சி பெற்றவர் வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவராவது இதில் தேறியவராக இருந்தால், மாதம் மூன்று தடவை ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நாகர்கோவில் போகிற அம்மாமார்களுக்குப் பாதி அலைச்சல் குறையும்.

அந்த அட்டையில் பழம், பூ, கிளி எல்லாம் இருக்கட்டும். ‘வலிக்குது’, ‘தொடாதே’, ‘எனக்குப் பயமா இருக்கு’ என்ற மூன்றும், உடம்பின் எல்லா உறுப்புகளும், கூச்சப்படாமல் இருக்கட்டும். பேச முடியாத பிள்ளைக்கு என்ன நடந்தாலும் வெளியே வராது என்று தெரிந்து வைத்திருக்கிறவர்கள் உண்டு. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இதே வேண்டுகோளை மனுவாக எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் உங்களிடமே கொடுக்க வருகிறோம். வீட்டில் விட ஆள் இல்லாததால் மகனும் வருவான். கூட்டம் அவனுக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். முறைத்துப் பார்க்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘வெள்ளம்’ என்று தட்டினால் யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். ‘போதும்’ என்று தட்டினால் நான் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் கிளம்பிவிடுவேன், அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மனுவை மேசையில் வைத்துவிட்டுத்தான் போவேன்.

இப்படிக்கு,
முதல் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா,
திருவட்டார் வட்டாரம்.